காவல்காரி தூங்கிய மத்தியானம்

செல்லத்தாய் கையைத் தூக்கினால் தினைக்காட்டில் ஒரு குருவி தங்காது என்பது, அவளுடைய பதினோரு வயதிலேயே ஊரில் நிலைத்துவிட்ட பேச்சு. செக்கானூரணிக்கு மேற்கே, மழையை நம்பிக் கிடக்கும் நிலம். கதிர் பால் பிடித்ததிலிருந்து அறுப்பு முடியும் வரைக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. விடிந்ததும் பரணில் ஏறிவிட வேண்டும். மற்றப் பிள்ளைகள் தகரத்தைத் தட்டினார்கள், கவணில் கல் வைத்து எறிந்தார்கள். அவளுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. வலது கையை மேலே வீசி 'ச்சோ' என்று ஒரு குரல் விட்டால் போதும், பக்கத்துக் காட்டுக் குருவியும் சேர்ந்து எழுந்து போகும்.

பெண் பார்க்க வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடக்கும்போதே அந்தக் குரலைக் கேட்டுவிட்டார்களாம். யாருக்கு இம்புட்டுத் தொண்டை என்று விசாரித்த மாமனார், பதில் தெரிந்ததும், இனி வீட்டுக்கு வேறு போக வேண்டுமா, இங்கேயே வெற்றிலையை மாற்றிக்கொள்ளலாமே என்றாராம். சின்னக்கருப்பன் இருபத்திரண்டு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஊர் உலகத்தில் முகத்தைப் பார்த்துக் கட்டுவார்கள், நான் சத்தத்தைக் கேட்டுக் கட்டினேன் என்பான்.

கல்யாணமாகிப் பழங்காநத்தம் வந்தாள். பஞ்சாலையில், நூலைக் கண்டாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை கிடைத்தது. இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிக் குரல் இன்னும் கொஞ்சம் அகலமானது. நூல் அறுந்தால், கண் பார்ப்பதற்கு முன்னால் கை அங்கே போய் முடிச்சுப் போட்டுவிடும். அந்தக் கையைப் பற்றியும் அந்தக் குரலைப் பற்றியும் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, நாற்பத்தொரு வயதில் ஒரு குருவி வீட்டுக்கு வரும்வரை.

அது வந்தது புரட்டாசியில். சின்னக்கருப்பன் டவுன் பஸ் டிரைவர். அன்றைக்குப் பரவை போய்த் திரும்பிய கடைசி நடையில், பின் சீட்டுக்கு அடியில் சாக்குத் துணி சுற்றிய சின்னக் கம்பிக் கூண்டு ஒன்று கிடந்தது. உள்ளே ஒரு லவ் பேர்ட்ஸ். ஒற்றையாக இருந்தாலும் அதற்கு லவ் பேர்ட்ஸ் என்றுதான் பெயர். பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகும் குடை, சோற்றுத் தூக்கு, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் டிப்போவில் நோட்டில் எழுதி அலமாரியில் வைப்பார்கள். உயிருள்ளதை எங்கே எழுதுவது, எந்த அலமாரியில் வைப்பது என்று கிளார்க்குக்குப் புரியவில்லை. ஆள் வருகிறவரைக்கும் நீயே வைத்துக்கொள் என்று சின்னக்கருப்பனிடமே கொடுத்துவிட்டார்.

பச்சை உடம்பு. மஞ்சள் தலை. பிடரியிலும் முதுகிலும் யாரோ மைக்குச்சியால் வரி வரியாக இழுத்துவிட்ட மாதிரிக் கறுப்புக் கோடுகள். அலகுக்கு மேலே, பொட்டு வைக்கத் தெரியாதவர்கள் வைத்த பொட்டாக ஒரு நீலத் திட்டு. நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான். முதல் நாள் கூண்டைக் கழுவுவதற்காக அவன் கதவைத் திறந்து கையை விட்டான். அது அவன் விரலைக் கடித்துவிட்டு வெளியே பாய்ந்து, கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, காலண்டர் ஆணியில் போய் உட்கார்ந்தது. துண்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கட்டில் மேலும் அம்மிக்கல் மேலும் ஏறி இறங்கினான். கடைசியில் அதுவாகக் களைத்துக் கீழே விழுந்தபோதுதான் பிடிக்க முடிந்தது.

"வாடிவாசல்ல இப்படி ஒண்ணு வந்துச்சுன்னா, மாலையப் போட்டு வீட்டுக்கு அனுப்பிருவாய்ங்க" என்றான், விரலை வாயில் வைத்துக்கொண்டு. அன்றிலிருந்து அதற்குக் காளை என்று பெயர்.

மூன்றாம் நாள் காளை சுருண்டு உட்கார்ந்துவிட்டது. இறகையெல்லாம் உப்பிக்கொண்டு ஒரு பருத்திக்காய் வெடித்த மாதிரி இருந்தது. இடம் புதுசு, ஏக்கம், அதுதான் தின்னவில்லை, வைத்த தினை வைத்தபடி இருக்கிறது பார் என்று சின்னக்கருப்பன் கிண்ணத்தைக் காட்டினான். கிண்ணம் விளிம்புவரை நிறைந்துதான் இருந்தது. செல்லத்தாய் அதைக் கையில் வாங்கி வாயால் ஒரு ஊது ஊதினாள். நிறைந்திருந்தது முழுவதும் எழுந்து பறந்து அவன் மீசையில் ஒட்டியது. அடியில் ஒரு மணிகூட இல்லை.

"பூராம் உமிங்க. தின்னு முடிச்சிட்டுப் பட்டினி கெடக்குது. நீங்க என்னடான்னா ஏக்கம்ங்கிறீங்க."

புதுத் தினை போட்டதும் அது இறங்கி வந்து தின்ன ஆரம்பித்தது. செல்லத்தாய் குனிந்து பார்த்தாள். ஒரு மணியை எடுத்து, நாக்கால் ஒரு புரட்டுப் புரட்டி, உமியை மட்டும் பிளந்து மறுபடி கிண்ணத்திலேயே உதிர்த்தது. ஒவ்வொரு மணிக்கும் அதே வேலை, அதே வேகம். மில்லில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு இந்தச் சுத்தம் வர ஆறு மாதம் ஆகும் என்று அவளுக்குத் தோன்றியது. பரணில் நின்ற அத்தனை வருஷங்களில் எத்தனை ஆயிரம் குருவிகளைப் பார்த்திருப்பாள். ஒன்றுகூட அவள் கண்ணெதிரே ஒரு மணியைத் தின்று முடித்ததில்லை. அதற்குள் அவள் கை எழுந்துவிடும்.

அன்றைக்குத்தான் அந்த ஆசை வந்தது. இது தன் கையில் வந்து உட்கார வேண்டும். பிடித்து உட்கார வைக்கக் கூடாது. அதுவாக வர வேண்டும். அம்மன் கையில் கிளி இருப்பதை வெள்ளிக்கிழமை தோறும் பார்த்துக் கும்பிட்டு வந்திருக்கிறாள். அது அங்கே வந்து உட்கார எத்தனை நாள் எடுத்துக்கொண்டது என்று கேட்கத் தோன்றியது இப்போதுதான். இறக்கையைக் கொஞ்சம் நறுக்கிவிட்டால் தானே கைக்கு வந்துவிடும் என்று மில்லில் கூட வேலை செய்யும் மாயக்காள் யோசனை சொன்னாள். போக வழியில்லாமல் வருவதை வந்தது என்று எப்படிச் சொல்வது என்று செல்லத்தாய் கேட்டாள். மாயக்காளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

இரண்டரை மணிக்கு ஷிஃப்ட் முடியும். மூன்று மணிக்கு வீட்டில் இருப்பாள். ஜன்னலைச் சாத்துவாள், ஃபேனை நிறுத்துவாள், கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளங்கையில் தினையோடு தரையில் உட்கார்வாள். காளை வெளியே வரும். கதவு மேலே உட்கார்ந்து தலையைச் சாய்த்து அவளைப் பார்க்கும். அவள் கையை நீட்டுவாள். உடனே அது காலண்டர் ஆணிக்குப் போய்விடும். ஆணியிலிருந்து பரணுக்கு, பரணிலிருந்து கொடிக் கயிற்றுக்கு. வீட்டில் அது உட்காராத இடம் அவள் கை ஒன்றுதான்.

சும்மா உட்கார்வது என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. உட்கார்ந்தால் கீரை ஆய வேண்டும், அரிசியில் கல் பொறுக்க வேண்டும், அல்லது யாருக்காவது பேன் பார்க்க வேண்டும். வெறுங்கையோடு பதினைந்து நிமிஷம் உட்கார்ந்ததும் கை தன்னாலே பாயின் கோரையை நிமிண்டத் தொடங்கியது. மனசும் அப்படித்தான், எதையாவது நிமிண்டிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது, நான் வேலையாக இருக்கும்போது இது என்ன செய்துகொண்டிருந்தது என்று அவளுக்கே வியப்பாக இருக்கும். குரலைத் தாழ்த்தி, "வாடா காளை, வாடா தங்கம்" என்று கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கோச்சடையிலிருந்து வந்த மகள் தங்கப்பொண்ணு, வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டு உள்ளே யாரோ விருந்தாளி இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாளாம். என்னிடம் ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கிறாயா அம்மா என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். செல்லத்தாய் அதை இரண்டு நாள் மனசில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

இதில் அவளுக்குப் பொறுக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. சின்னக்கருப்பன் பேப்பர் படிக்க உட்கார்ந்தால், காளை கொடிக் கயிற்றிலிருந்து இறங்கி வந்து பேப்பரின் விளிம்பில் தொற்றிக்கொள்ளும். ஓரத்தை ரயில் டிக்கெட் கிழிக்கிற மாதிரிக் கிழித்துக் கிழித்துப் போடும். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். ஏதாவது ஒரு விபத்துச் செய்தியில் மூழ்கியிருப்பான். தினை வாங்கி வருகிறவள் அவள், உமி ஊதுகிறவள் அவள், கூண்டு கழுவுகிறவள் அவள். பொறாமைதான். அடுப்படியில் நின்றுகொண்டு, ஒரு உள்ளங்கைப் பறவைக்காக இந்த வயதில் புருஷன் மேல் பொறாமைப்படுகிறோமே என்று தன்னைத்தானே கேட்டுச் சிரித்துக்கொள்வாள். சிரித்த பிறகும் பொறாமை இருக்கும்.

தீபாவளிக்கு அண்ணன் வந்தபோது ஊரிலிருந்து ஒரு கட்டுத் தினைக்கதிர் கொண்டுவந்தார். அதை அடுப்படி ஆணியில் தொங்கவிட்டாள். கதிரோடு கண்டால் எந்தக் குருவியும் வரும் என்று அவளுக்கு நம்பிக்கை. காளைக்கும் கண் விரிந்தது, கழுத்து நீண்டது, கூண்டுக் கம்பியில் இப்படியும் அப்படியும் ஓடியது. ஆனால் அவள் கதிரை எடுத்து நீட்டியதும் அது காலண்டர் ஆணிக்குப் போய்விட்டது.

கார்த்திகை பிறந்து முதல் திங்கட்கிழமை. சாயங்காலம் சின்னக்கருப்பன் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு, கூண்டுக்காரன் கிடைத்துவிட்டான் என்றான். பரவையில் விருமாண்டி என்று ஒருவன். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நூறு ஜோடி லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறான். அன்றைக்கு மூன்று கூண்டோடு பஸ் ஏறியவன் இரண்டோடு இறங்கிவிட்டானாம். இத்தனை நாளும் திருட்டுப் போனதென்று நினைத்திருக்கிறான். இன்றைக்குத்தான் யாரோ சொல்லக் கேட்டு, நிறுத்தத்தில் பஸ்ஸை மறித்து, டிரைவர் ஜன்னல் ஓரமாக வந்து நின்று விவரம் சொல்லியிருக்கிறான். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறானாம்.

"பொட்டை ஒண்ணு ரெண்டு மாசமாக் காத்துக்கிட்டு இருக்காம். முட்டையிடக் கலயமெல்லாம் கட்டி வச்சிருக்கானாம். கல்யாண வீட்டுக்காரன் மாதிரிப் பேசுறான்."

செல்லத்தாய் திரும்பிக் கூண்டைப் பார்த்தாள். அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, செத்துப்போனது என்று சொல்லிவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டான்.

"உசுரோட இருக்கிறதைச் செத்துப்போச்சுன்னு சொல்லுவாங்களா? வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கிற வீட்ல?" என்றாள். பிறகு, "அவன் பொருளு. குடுத்துரணும்" என்றாள்.

கொடுத்துவிட வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் படுத்த பிறகு மனசு ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது: ஒரே ஒரு தடவை. அது போவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும். உட்காராமல் போனால், அது போனது மட்டுமாக இருக்காது. அவளுடைய கை விரட்டுவதற்கு மட்டும்தான் ஆனதென்று அன்றைக்குத் தீர்ந்துபோகும்.

செவ்வாய்க்கிழமை அரை மணிக்குப் பதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். காளை அலமாரி உச்சியில் இருந்தபடி இறகு கோதியது.

புதன்கிழமை சின்னக்கருப்பனுக்கு வார ஓய்வு. கட்டிலில் சாய்ந்து அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கதிரை நீட்டினாள், காளை பறந்தது. மறுபடி நீட்டினாள், மறுபடி பறந்தது. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ அவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"ஏ புள்ள, நீ தினை குடுக்கலை. காவக் காக்குற."

அவளுக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. என்ன பேச்சு இது என்று திரும்பியவள், தன் கையைப் பார்த்தாள். கதிரின் காம்பை ஐந்து விரலும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தன. பெருவிரல் கதிரின் மேல் மூடியாகக் கவிழ்ந்திருந்தது. கை தோளுக்கு மேலே தூக்கியிருந்தது. நீட்டும்போது கீழேயிருந்து போகவில்லை. மேலேயிருந்து, வல்லூறு இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. இத்தனை நாளும் இப்படித்தான் நீட்டிக்கொண்டிருந்தாளா?

"வாய் வேற" என்றான் அவன். "வாடா தங்கம்ங்கிற, அது பக்கத்துல வந்தா பல்லுக்குள்ள ச்சோங்கிற. அது என்னத்தக் கேக்கும், பாவம்."

அதை அவள் நம்பவில்லை. உட்கார்ந்து தனக்குத்தானே காது கொடுத்துக் கேட்டாள். காளை கயிற்றிலிருந்து ஒரு சாண் இறங்கியபோது, அவள் நாக்கு மேல்பல்லில் போய் ஒட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. வெளியே வரவில்லை. ஆனால் தயாராக நின்றது.

அன்று மாலை கோலமாவு அரைக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. அப்பா கதிரை எண்ணுகிற ஆள் இல்லை. ஆனால் சாயங்காலம் வரப்போடு ஒரு நடை நடந்து, குருவி கொத்திய கதிர்களைப் பிடுங்கிக் கையில் சேர்த்துக்கொண்டே வருவார். அந்தக் கையில் எத்தனை இருக்கிறது என்று பரணில் இருந்தபடி அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். திட்ட மாட்டார். அதுதான் பயம். தினை என்றால் கொடுப்பது என்று அவள் உடம்புக்குத் தெரியாது. தினை என்றால் விடாமல் இருப்பது.

பன்னிரண்டு வயதில் ஒரு தரம் தூங்கிவிட்டாள். இதை அவள் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஊருக்குத் தெரிந்தது, செல்லத்தாய் பரணில் தூங்கினாள், கிளி இறங்கி ஒரு மூலையையே தின்றுவிட்டுப் போனது என்பது வரைக்கும்தான். அப்பா நாலு பேருக்கு முன்னால், "தூங்கிட்டியாத்தா" என்று மட்டும் கேட்டார். அதோடு பகல் தூக்கம் அவளை விட்டுப் போயிற்று. பிள்ளை பெற்ற வீட்டில்கூட மத்தியானம் கண்ணை மூடவில்லை. ஊருக்குத் தெரியாதது வேறு. கண் விழித்தபோது காடு முழுக்கப் பச்சையாக அசைந்தது. ஒவ்வொரு கதிரிலும் ஒரு கிளி தொங்கியது. ஒன்று பரணின் காலிலேயே, அவள் கைக்கு எட்டும் தூரத்தில், அவளை ஒரு பொருட்டாக நினைக்காமல் கதிரைக் காலில் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. அவள் உடனே கையைத் தூக்கவில்லை. பார்த்துக்கொண்டு கிடந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. பயம் வந்தது அதற்குப் பிறகுதான். அதற்கு முன்னால் வந்த மற்றதற்கு அவளிடம் பெயர் இருக்கவில்லை.

முப்பது வருஷம் அதைக் குற்றம் என்றே எடுத்து வைத்திருந்தாள். சோற்றை வடித்துவிட்டு, பானையை நிமிர்த்தாமல் சிறிது நேரம் அப்படியே நின்றாள்.

வியாழக்கிழமை மழை. மில்லிலிருந்து நனைந்துகொண்டே வந்தாள். சேலை மாற்றி, தலையைத் துவட்டி, ஜன்னலைச் சாத்தி, கூண்டைத் திறந்தாள். ஆணியிலிருந்து ஒரு கதிரை ஒடித்துக்கொண்டாள். பிறகு உட்காரவில்லை. பாயை விரித்து, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். வலது கையைத் தரையோடு தரையாக நீட்டி, உள்ளங்கையை மல்லாத்தி, அதன் மேல் கதிரைப் பிடிக்காமல் கிடத்தினாள். விரல் ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டியிருந்தது. பெருவிரல்தான் கடைசிவரை கேட்கவில்லை.

காவல்காரி தூங்குகிறாள், வந்து தின்னு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கண்ணை மூடினாள்.

தூங்குகிற பாவனைதான் செய்ய நினைத்தாள். ஆனால் ஓட்டில் மழை ஒரே சீராகப் பெய்தது. ஷிஃப்ட் களைப்பு காலிலிருந்து மேலே ஏறியது. கை கொஞ்சம் கொஞ்சமாக யாருடையதோ ஆயிற்று. பகல் வெளிச்சத்தில், வீட்டு வேலை அத்தனையும் கிடக்க, செல்லத்தாய் தூங்கிப்போனாள்.

விழித்தது ஒரு குறுகுறுப்பில். கண்ணைத் திறக்குமுன் அது என்னவென்று தெரிந்துவிட்டது. மணிக்கட்டில் ஒரு வெதுவெதுப்பு. அரைக் கண்டு நூலின் கனம்கூட இல்லாத ஒரு கனம். நான்கைந்து ஊசி முனைகள் தோலை அழுத்தாமல் பிடித்திருந்தன. இமையை ஒரு நூல் அளவு திறந்தாள். காளை அவள் கையில் ஏறி நின்று, குனிந்து, கதிரில் ஒரு மணியைப் பிடுங்கி, நாக்கால் புரட்டி, உமியை உதிர்த்தது. உமி அவள் உள்ளங்கையில் விழுந்தது. அடுத்த மணி. அடுத்த உமி. ஒரு தரம் நின்று, நீலப் பொட்டுள்ள முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து அவள் கண்ணையே பார்த்தது. விழித்திருக்கிறாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அடுத்த மணியை எடுத்தது.

அவளுடைய நாக்கு மேல்பல்லில் ஒட்டவில்லை. வாய்க்குள் அது பாட்டுக்குக் கிடந்தது. பரண் காலில் தொங்கிய அந்தக் கிளியைப் பார்த்தபோது வந்தது இதுதான். அதே சந்தோஷம், முப்பது வருஷம் கழித்து, கொஞ்சமும் பழசாகாமல் வந்திருந்தது. கண்ணீர் மூக்கின் மேலாக ஓடிப் பாயில் சொட்டியது. துடைக்கவில்லை. துடைத்தால் கை அசையும்.

மில் சங்கு ஊதியது. காளை அசையவில்லை. அவளும் அசையவில்லை. கதிர் பாதியாகும்வரை அப்படியே கிடந்தார்கள்.

சின்னக்கருப்பன் வந்தபோது அவள் பாடிக்கொண்டே வடை சுட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டான். பகலில் தூங்கினேன் என்றாள். அவன் அவள் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு விருமாண்டி வந்தான். சின்னக்கருப்பன் காலை நடையை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். விருமாண்டி நிலையில் குனிந்து நுழையும் உயரம். காது வரைக்கும் மீசை. கக்கத்தில், ஓட்டை போட்ட செருப்பு அட்டைப்பெட்டி. நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தான். ரெண்டு மாசம் சோறு போட்டதற்குப் பெரிய மனசு என்றான். தங்கச்சிக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தான். செல்லத்தாய் காலையிலேயே கூண்டைக் கழுவி, புதுத் தினை போட்டு, மீதிக் கதிர்களைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். ஒரு தடவை கேட்டாள், கிடைத்தது. அதற்கு மேல் கேட்பது பேராசை என்று காலையிலிருந்து தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மனசு அதைக் கேட்டுத் தலையாட்டியதே தவிர, ஒத்துக்கொள்ளவில்லை.

கூண்டோடு எடுத்துப் போகலாமே என்றாள். கூண்டு உங்களுக்கே இருக்கட்டும், குருவி பெட்டியில் போனால்தான் பஸ்ஸில் மிரளாது என்றான் விருமாண்டி. தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு கூண்டுக்குள் விட்டான்.

காளை வீறிட்டுக் கத்தியது. அவன் விரலுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு இடுக்கில் நுழைந்து வெளியே பாய்ந்தது. ஆணி, கயிறு, அலமாரி. விருமாண்டி துண்டை விரித்து வீசினான். துண்டு விளக்கு மாடத்தைத் தட்டியது. மறுபடி வீசினான். அது பறக்க இடமில்லாமல் சுவரில் மோதித் திரும்பியது.

செல்லத்தாய்க்கு அப்போது யோசனை எதுவும் இல்லை. அவளுடைய வலது கை தன்னாலே எழுந்து, தோளுக்கு மேலே, தலைக்கு மேலே போயிற்று. தொண்டை திறந்தது.

"ச்சோ!"

தினைக்காட்டுக் குரல். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டுச் சுவர் கேட்டிராத குரல். விருமாண்டி துண்டோடு இரண்டு எட்டுப் பின்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அந்தச் சத்தம் ஓடுகளுக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, காளை சுவரை விட்டு வளைந்து வந்து, தூக்கிய அந்தக் கையின் உச்சியில், சுட்டுவிரலைப் பிடித்து உட்கார்ந்தது. மூச்சு வாங்கியது. இறக்கையை ஒரு உதறு உதறி ஒழுங்குபடுத்திக்கொண்டது.

சின்னக்கருப்பனின் வாய் திறந்தே இருந்தது. செல்லத்தாய் கையை மெல்ல, மிக மெல்ல இறக்கினாள். அது விரலிலேயே இறங்கி வந்தது, லிஃப்டில் வருகிற பெரிய மனிதர் மாதிரி. நெஞ்சுக்கு நேரே வந்ததும் அவளுடைய தாலிக் கயிற்றை ஒரு தரம் கொத்திப் பார்த்தது.

விருமாண்டி துண்டை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்திருந்தான். பிறகு பெருமூச்சு விட்டான்.

"கெடுத்துட்டியே தங்கச்சி" என்றான். "குருவியக் கெடுத்துட்டியே."

அவளுக்குப் புரியவில்லை. அவன் சலித்துக்கொண்டே விளக்கினான். கைக்கு ஏறிய குருவி ஜோடி சேராது. மனுஷனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். பொட்டை பக்கத்தில் வந்தால் தள்ளி உட்காரும், கலயத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. அவன் அப்பன் காலத்திலிருந்து சொல்லி வருவது இது. கொட்டகையில் இதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? காத்திருக்கிற பொட்டைக்கு வேறு மாப்பிள்ளைதான் பார்க்க வேண்டும்.

"அப்ப, வேண்டாமா?" என்று கேட்டாள். தன் குரல் இவ்வளவு சின்னதாக வருமென்று அவளுக்கே தெரியாது.

"எனக்கு எதுக்குத்தா? உருப்படாத குருவி."

சின்னக்கருப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். கெடுத்துவிட்டாய் என்று ஒருவன் வாயால் கேட்டு இவ்வளவு பூரித்துப்போன பெண் மதுரை ஜில்லாவில் வேறு யாராவது இருப்பாளா என்று செல்லத்தாய் நினைத்தாள். இன்னொரு தடவை சொல்ல மாட்டானா என்றிருந்தது.

டீயும் நேற்றைய வடையும் கொடுத்தாள், இடது கையால்தான். வலது கை வேலையாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். விருமாண்டி அதையெல்லாம் கவனிக்கவில்லை. நூறு ஜோடி வளர்த்திருக்கிறேன், பதினாறு வருஷம், ஒன்றாவது இந்தக் கையில் உட்கார்ந்ததில்லை என்று டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவளுக்கு என்னவோபோல் இருந்தது. நீங்களும் செய்யலாமே என்றாள். எப்படிச் செய்தாய் என்று கேட்டான். தூங்கினேன் என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் மீசையைத் தடவிச் சிரித்தான். சின்னக்கருப்பனிடம், வாரேன் மாப்ள என்று சொல்லிவிட்டு, காலிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிலையில் குனிந்து வெளியேறினான்.

தெருமுனை வரைக்கும் போனவன் திரும்பி வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றான். இரண்டு பக்கமும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான்.

"தங்கச்சி, எந்தப் பக்கமாப் படுத்துத் தூங்குன?"

செல்லத்தாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரீலிங் இயந்திரங்களுக்கு மேலே கேட்கும் சிரிப்பு. எதிர்வீட்டுக் கோழி எழுந்து ஓடியது. விரலில் இருந்த காளை மட்டும், காதில் ஏதோ விழுந்த மாதிரித் தலையை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு, மறுபடியும் நேராக உட்கார்ந்துகொண்டது.